கேளுங்கள் அண்ணாச்சி: க்ரோனோ ட்ரிகரை முதலிலிருந்து ஆடலாமா?

(பழைய கருவிகள், பழைய வீடியோ கேம்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குச் செங்கோட்டையில் செல்போன் சர்வீஸ் கடை நடத்தும் அண்ணாச்சி பதில் சொல்கிறார்.)

புளியரையிலிருந்து ஒரு வாசகர்:
அண்ணாச்சிக்கு வணக்கம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தினபோது என்னுடைய பழைய கையடக்க கேம் கருவி நின்டெண்டோ டிஎஸ் லைட் கிடைத்தது. உள்ளே க்ரோனோ ட்ரிகர் கேசட். காலேஜ் முடிக்கிற சமயத்தில் பாதி வரைக்கும் ஆடியிருந்தேன். பிறகு வேலை, கல்யாணம், குழந்தை என்று அப்படியே நின்றுவிட்டது. கடைசி சேவ் வானத்தில் மிதக்கிற ஸீல் ராஜ்ஜியத்தில் இருப்பதாக ஞாபகம். கதை பாதிக்கு மேல் மறந்துபோனது. அந்த சேவிலிருந்தே தொடரவா, முதலிலிருந்து ஆடவா? 1995-ல் வந்த ஆட்டம் இன்றைக்கும் பிடிக்குமா? கருவியை அப்படியே சார்ஜில் போடலாமா?

பதில்:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில். அப்படியே சார்ஜில் போடாதீர்கள். பின்பக்கத்தில் பேட்டரி மூடியை ஒரே ஒரு ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி, பேட்டரியை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் படுக்கவையுங்கள். தட்டையாகப் படுத்தால் நல்லது. நடுவில் உப்பி, விரலால் தட்டினால் ஆடுகிறது என்றால் அதைத் திரும்பப் போடவே கூடாது. குத்துவதும் அமுக்குவதும் வேண்டாம். புது பேட்டரி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். டிஎஸ் லைட்டுக்கு உரிய அடாப்டர் 5.2 வோல்ட். வீட்டு டிராயரில் கிடக்கிற ஏதோ ஒரு பின் சார்ஜரை அதில் திணிக்க வேண்டாம்.

நம்ம பக்கத்துக் குற்றாலச் சாரல் மனுசனுக்குத்தான் சுகம். பீரோவுக்குள் இருந்தாலும் ஈரம் கேசட்டின் செம்புப் பற்களில் ஏறிவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம்தான் கூடும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐபிஏ (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) தொட்டு மெதுவாகத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். கருவியின் தோள்பட்டையில் இருக்கிற எல், ஆர் பட்டன் இரண்டும் வேலை செய்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இந்த ஆட்டத்தில் சண்டையிலிருந்து தப்பி ஓட அந்த இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். பிற்பாதியில் வேறோர் இடத்தில் அவை இல்லாமல் முடியவே முடியாது. என்ன இடம் என்று எழுத மாட்டேன். கூட்டாளி லுக்காவின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே எழுதி வைத்திருப்பதைப் படித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சேவ் போயிருக்குமோ என்ற பயம் வேண்டாம். பழைய சூப்பர் நின்டெண்டோ கேசட்டுக்குள் ஒரு சின்ன பேட்டரி உட்கார்ந்திருக்கும். அது தீர்ந்தால் சேவும் போகும். டிஎஸ் கேசட்டில் அப்படி இல்லை, மின்சாரம் இல்லாமலே பதிவு நிற்கும். உங்கள் ஸீல் சேவ் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

இருந்தாலும் அதிலிருந்து தொடராதீர்கள். கேசட்டில் மூன்று சேவ் இடங்கள் உண்டு. பழையதை அழிக்காமல் இன்னொன்றில் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். ஸீலில் நிற்கும்போது கதை நாலைந்து யுகங்களைத் தாண்டி வந்திருக்கும். ஃப்ராக் என்ற வீரர் ஏன் தவளை உருவில் இருக்கிறார், அவருடைய வாள் ஏன் உடைந்தது, மேகஸ் என்ற மாயாவியின் கோட்டையில் என்ன நடந்தது என்பதெல்லாம் மங்கிப்போன மனதோடு அங்கே நுழைந்தால் அந்த ராஜ்ஜியம் வெறும் அழகான படமாகத்தான் தெரியும். அங்கே ஒரு பூனையோடு திரிகிற சிறுவன் உண்டு. அவன் யாரென்று பிடிபட, முன்னால் நடந்தது எல்லாம் புதிதாக நெஞ்சில் இருக்க வேண்டும். அதற்கடுத்து நடப்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்காதீர்கள், இணையத்தில் தேடாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்றைக்கும் பிடிக்குமா என்று கேட்டீர்கள். பிடிக்கும் என்று அடித்துச் சொல்வேன்.

ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1995 மார்ச்சில் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் (வெளிநாடுகளில் சூப்பர் நின்டெண்டோ) கருவிக்காக ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ஆட்டம் இது. ஃபைனல் ஃபேண்டஸியை உருவாக்கிய ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் க்வெஸ்ட்டின் யூஜி ஹோரி, ஓவியர் அகிரா டோரியாமா மூவரும் சேர்ந்து பார்த்த வேலை. 1999-ல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்தபோது கார்ட்டூன் காட்சிகளைச் சேர்த்தார்கள். 2008 நவம்பரில் டிஎஸ்ஸுக்கு வந்தது. 1999-ஆம் ஆண்டில் லாவோஸ் என்ற ஒரு ஜந்து பூமியைப் பிளந்துகொண்டு வந்து உலகத்தை அழிக்கப்போகிறது. அதை ஆயிரமாவது ஆண்டில் வாழும் மூன்று இளவட்டங்கள் தெரிந்துகொள்கிறார்கள். பிறகு டைனோசர் காலத்திலிருந்து கி.பி. 2300 வரை முன்னும் பின்னும் போய் அதைத் தடுக்கப் பார்க்கிறார்கள்.

தம்பி, தொடக்கத்தில் வருகிற கார்டியா ராஜ்ஜியத்தின் ஆயிரமாவது ஆண்டு விழாவை இந்தத் தடவை நிதானமாகச் சுற்றுங்கள். மார்ல் என்ற பெண் உங்கள்மேல் மோதி விழுகிறாள். கழுத்துப் பதக்கம் ஒரு பக்கம் தெறிக்கிறது. முதலில் அவளிடம் போகிறோமா, பதக்கத்தைப் பொறுக்கப் போகிறோமா? ஒரு மேஜை மேல் யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாடு இருக்கிறது. அதை எடுத்துத் தின்னலாம், ஆட்டம் தடுக்காது. பூனையைத் தொலைத்த சிறுமி ஒருத்தி நிற்கிறாள். மார்ல் மிட்டாய்க் கடையில் எதை வாங்குவது என்று யோசிக்கும்போது நாம் பொறுமையாக நிற்கிறோமா, கிளம்பு கிளம்பு என்று இழுக்கிறோமா? இதற்கெல்லாம் அந்த நேரத்தில் மார்க்கும் கிடையாது, கண்டிப்பும் கிடையாது. பின்னால் இளவரசியைக் கடத்திய குற்றத்துக்காக உங்களைக் கூண்டில் ஏற்றி, ஏழு ஜூரிகள் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்பார்கள். சாப்பாட்டைப் பறிகொடுத்த கிழவர் சாட்சிக்கு வந்து நிற்பார்.

இந்த வகை ஆட்டங்களில் யார் வீட்டுக்குள்ளும் நுழைந்து, எந்தப் பெட்டியையும் திறந்து, இருப்பதை எடுத்துக்கொண்டு போவது ஆடுபவருக்குப் பழகிப்போன காரியம். அந்தப் பழக்கத்தையே பிடித்து நிறுத்தி விசாரித்த ஆட்டம் இது. முதல் தடவை ஆடும்போது அது ஒரு அதிர்ச்சி. மறுபடி ஆடும்போது, எது சரியான விடை என்று தெரிந்தே அந்த மைதானத்தில் நடக்கிறோம். அந்தச் சிறுமியின் பூனையைத் தேடிப் பிடிப்பது ஜூரிக்காகவா, சிறுமிக்காகவா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொள்ள வைத்த ஆட்டம் வேறொன்று இல்லை.

நான் இதை முதலில் ஆடியது 2009-ல். அத்தான் சார்ஜாவிலிருந்து வந்தபோது கருவியும் கேசட்டும் சேர்த்துக் கொடுத்தார். அப்போது புனலூரில் ஒரு கடையில் செல்போன் வேலை பழகிக்கொண்டிருந்தேன். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மீட்டர் கேஜ் வண்டி. பகவதிபுரம் தாண்டினால் மலைக்குள் நீளமான குகைப்பாதை. இந்தப் பக்கம் சுள்ளென்று வெயில் அடிக்கும்; குகையை விட்டு ஆரியங்காவில் வெளியே வந்தால் மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஒரே மலை, காற்று மட்டும் வேறு. திரையில் கால வாசலுக்குள் நுழைந்து 600-ஆம் ஆண்டில் வெளியே வரும்போதும் அதே நிலம், அதே ஆறு, அதே பாலம் இருக்கும். ஊரும் மனுசர்களும் மாறியிருப்பார்கள். கழுதுருட்டிப் பதிமூணு கண் பாலத்தின் மேல் வண்டி மெதுவாக ஊர்ந்தபோது ஃப்ராக்கின் கதையைப் படித்துக்கொண்டிருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. 2010-ல் அந்த மீட்டர் கேஜ் வண்டியை நிறுத்தினார்கள். அகலப்பாதை முழுதாகத் திறக்க 2018 ஆனது. இப்போது புனலூருக்குச் சாமான் எடுக்கப் போகும்போதும் டிஎஸ் பையில் இருக்கும்.

அன்றைக்கு எனக்கு வாளும் மாயமும்தான் முக்கியம். இப்போது ஆடும்போது வீட்டில் இருப்பவர்கள் கண்ணில் படுகிறார்கள். புதுக் கூட்டாளி சேரும்போது அவரைக் கூட்டிக்கொண்டு நாயகன் க்ரோனோ வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசிப் பாருங்கள். ஆளுக்குத் தக்கபடி அவர் பேச்சு மாறும். உலகத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் யாரும் போக மாட்டார்கள் என்று தெரிந்தும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். 2300-ஆம் ஆண்டில் பாழடைந்த குவிமாடங்களில் எனர்ட்ரான் என்று ஒரு எந்திரம் இருக்கும், நினைவிருக்கிறதா? உள்ளே போய் வந்தால் உடம்பு தேறிவிடும், பசி மட்டும் அப்படியே இருக்கிறது என்று ஒரு வரி வரும். இருபத்திச் சொச்சம் வயதில் அந்த வரியைப் பட்டன் தட்டிக் கடந்து போனேன். வீட்டில் மூன்று பேருக்குச் சோறு போடுகிற ஆளாக அதைப் படிக்கும்போது அடுத்த பட்டனைத் தட்ட விரல் போகவில்லை.

உங்களுக்கு இன்னும் வராத கட்டத்திலிருந்து ஒரே ஒரு சங்கதி மட்டும் சொல்கிறேன், கதை கெடாது. ஓர் இடத்தில் உப்புக்கண்டம் விலைக்குக் கிடைக்கும். அதை நானூறு வருடம் பின்னால் போய் ஒரு பெண்ணிடம் கொடுக்கலாம். அவர் காசு தருவதாகச் சொல்வார். வாங்காதீர்கள். பிறகு ஆயிரமாவது ஆண்டுக்கு வந்து அந்த ஊர்த் தலைவரைப் பாருங்கள்.

சண்டை முறையும் பழசாகவில்லை. அதற்கு முந்தின வருடம் அதே நிறுவனம் கொண்டுவந்த ஃபைனல் ஃபேண்டஸி ஆறாம் பாகத்தில்கூட நடந்து போகும்போது திடீரென்று திரை மாறிச் சண்டை தொடங்கும். இங்கே எதிரி கண்ணெதிரே உலாத்துவான், சண்டையும் அந்த மண்ணிலேயே நடக்கும். பல இடங்களில் ஒதுங்கியும் போய்விடலாம். இரண்டு பேர் வித்தையைச் சேர்த்துப் போடுகிற இரட்டைத் தாக்குதலும் உண்டு. லுக்காவின் தீயும் மார்லின் பனியும் ஒன்றாக வெடிப்பதைப் பார்க்கவே அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஆரம்பத்தில் அமைப்பு கேட்கும்போது ‘வெயிட்’ வையுங்கள். வித்தையைத் தேர்ந்தெடுக்கும்போது எதிரியின் கடிகாரம் நிற்கும். திரை முறையில் ‘டிஎஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கட்டளைகளும் வரைபடமும் கீழ்த் திரைக்குப் போய்விடும், மேல் திரையில் படம் மட்டும் சுத்தமாக நிற்கும்.

டிஎஸ் பதிப்பில் புதிதாகச் சேர்த்த ‘லாஸ்ட் சாங்டம்’ பகுதியை விட்டுவிடுங்கள். இதைக் கொண்டுவா, அதைக் கொண்டுபோய்க் கொடு என்று ஒரே மலையில் ஏற்றி இறக்குவார்கள். மூல ஆட்டத்தில் ஒரு நடைகூட வீணாகாது. முக்கியக் கதை இருபது, இருபத்தைந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தக் கட்டுக்கோப்பைக் கெடுக்கிற சேர்க்கை இது. பணம் கொடுத்து வாங்கியதாயிற்றே என்று ஆட வேண்டியதில்லை.

தென்மலையிலிருந்து ஒரு வாசகர்:
அண்ணாச்சி, இதே ஆட்டம் ஃபோனிலேயே கிடைக்கும்போது பழைய கருவியைத் தேடி அலைய வேண்டுமா?

பதில்:
வேண்டாம் சார். ஐஃபோனுக்கு 2011-லும் ஆண்ட்ராய்டுக்கு அடுத்த வருடமும் முறையாக வந்தது. கம்ப்யூட்டருக்கும் 2018-ல் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வந்தது. கையில் ஃபோன் மட்டும் இருப்பவர்கள் அதையே காசு கொடுத்து வாங்கி ஆடலாம், கதை அதே கதைதான். டிஎஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதை எடுங்கள் என்பேன். ஃபோனில் கட்டைவிரல் பாதித் திரையை மறைக்கும். கோர்ட்டில் தீர்ப்பு சொல்லப்போகும் நேரத்தில் பேங்கிலிருந்து கால் வரும். டிஎஸ்ஸை மடக்கினால் தூங்கும், திறந்தால் விட்ட இடத்தில் விழிக்கும். டிக்கெட் கேட்டு வருபவருக்கு மடக்கிக் காட்டிவிட்டு மறுபடி திறந்துகொள்ளலாம். உங்கள் ஊர்க் காட்டுக்குள் சிக்னல் போனாலும் அதற்குக் கவலையில்லை.

புனலூரிலிருந்து ஒரு வாசகி:
அண்ணாச்சி, எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவோம். மகன் நாலாம் வகுப்பு, மலையாள மீடியம். அவனுடைய மாமா இந்த ஆட்டத்தைக் கொடுத்திருக்கிறார். முழுக்க இங்கிலீஷாக இருக்கிறது. அவனுக்குப் புரியுமா? பயப்படுகிற மாதிரி ஏதாவது வருமா?

பதில்:
தனியாக விட்டால் சண்டை மட்டும் புரியும் அக்கா, கதை கையில் நிற்காது. நீங்களோ அவன் மாமாவோ பக்கத்தில் உட்கார்ந்து பேச்சு வரும்போதெல்லாம் படித்துத் தமிழில் சொல்லுங்கள். பேசுகிற பெட்டி நீங்கள் பட்டன் தட்டும் வரை நகராது, எவ்வளவு மெதுவாகவும் போகலாம். க்ரோனோ வாயே திறக்காத நாயகன் என்பதால் அவனுக்குப் பதில் உங்கள் பையன் பேசட்டும். என் மகள் அப்படித்தான் ஆடினாள். ராஜாவிடமே சண்டைக்குப் போனாள்.

ரத்தம் தெறிக்கிற காட்சி கிடையாது. ஆனாலும் மனதைப் பிடிக்கிற இடங்கள் உண்டு. சிறையும் மரண தண்டனை மிரட்டலும் முதல் சில மணி நேரத்திலேயே வரும். 2300-ஆம் ஆண்டில் பசியோடு ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் மக்கள் வருவார்கள். பின்னால் ஒரு தாய்க்கு நேர்ந்த விபத்து, நெருங்கிய ஒருவரைப் பிரிவது இரண்டும் வரும். என் மகள் ஃப்ராக்கின் பழைய கதைக்கு அழுதாள், அழட்டும் என்று விட்டேன். மறுநாள் அவளே கருவியை எடுத்துக்கொண்டு வந்தாள். ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம். சாயங்காலம் டீ குடித்துவிட்டு ஒரு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடையநல்லூரிலிருந்து ஒரு வாசகர்:
இந்த ஆட்டத்தின் இசையை எல்லோரும் புகழ்கிறார்களே, யார் போட்டது?

பதில்:
யசுனோரி மிட்சுடா. ஸ்கொயரில் ஒலி அமைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். இசையமைக்க விடாவிட்டால் வேலையை விட்டுப் போய்விடுவேன் என்று சகாகுச்சியிடமே சொல்லி இந்த வாய்ப்பை வாங்கினார். ராப்பகலாக உழைத்து வயிற்றுப்புண் வந்து படுத்துவிட்டார். மீதிப் பாடல்கள் சிலவற்றை மூத்தவர் நோபுவோ உயெமாட்சு முடித்துக் கொடுத்தார். ஸீலில் நுழைந்ததும் வருகிற பாட்டில் சித்தார் போல ஒரு நாதம் ஓடும். அதை டிஎஸ்ஸின் குட்டி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். உருண்டைப் பின் வைத்த சாதாரண இயர்ஃபோன் அதில் பொருந்தும், மாட்டிக்கொண்டு கேளுங்கள். 600-ஆம் ஆண்டின் நிலத்தில் வருகிற பாட்டையும் விட்டுவிடாதீர்கள். மிட்சுடாவுக்குப் பிறகு பெரிய பெரிய வாத்தியக் குழுக்கள் கிடைத்தன. அந்தச் சின்ன கேசட்டுக்குள் அடக்கிப் போட்டதுதான் அவருடைய ஆகச் சிறந்த வேலை என்பது என் முடிவு.

ஆரியங்காவிலிருந்து ஒரு வாசகர்:
பல முடிவுகள் உண்டு என்கிறார்களே அண்ணாச்சி, எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமா?

பதில்:
பத்துக்கும் மேல் உண்டு. ஒரு தடவை முடித்ததும் ‘நியூ கேம் ப்ளஸ்’ திறக்கும். சேர்த்த பலத்தோடும் ஆயுதத்தோடும் மறுபடி முதலிலிருந்து வரலாம். லாவோஸை எந்தக் கட்டத்தில் போய் வீழ்த்துகிறீர்களோ அதற்குத் தக்க முடிவு வரும். ‘நியூ கேம் ப்ளஸ்’ என்ற பெயரை விளையாட்டு உலகத்தில் நிலைக்க வைத்ததே இந்த ஆட்டம்தான். பட்டியல் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். நான் வருசத்துக்கு ஒன்று, மழைக்காலத்தில் பார்க்கிறேன்.

கொல்லத்தில் கடை வைத்திருக்கும் தென்காசிக்காரர்:
பழைய டிஎஸ் கேசட் விற்பவர்கள் இங்கே உண்டு. ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்:
முன்பக்க லேபிளை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்து மங்கலாக, நிறம் வெளிறி, ஓரம் கோணலாக வெட்டியிருந்தால் சந்தேகம். ஒரிஜினலில் என்டிஆர் என்று தொடங்குகிற குறியீடு தெளிவாக அச்சாகியிருக்கும். டிஎஸ் கேசட்டுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, அமெரிக்கக் கேசட் ஜப்பான் கருவியிலும் ஓடும், பின்னால் வந்த த்ரீடிஎஸ் கருவியிலும் ஓடும். ஆனால் ஜப்பானியக் கேசட் என்றால் எழுத்து எந்த மொழியில் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டூப்ளிகேட்டில் பெரிய தொல்லை சேவ்தான். பாதி ஆடினபிறகு காணாமல் போகும். அதனால் கடையிலேயே கருவியில் போட்டு, க்ரோனோவை வீட்டை விட்டு வெளியே கொண்டுவந்து, உலக வரைபடத்தில் நிறுத்தி சேவ் செய்யுங்கள். கேசட்டைக் கழற்றி, மறுபடி மாட்டி, சேவ் நிற்கிறதா என்று பார்த்தபிறகு பணத்தைக் கொடுங்கள். அதற்கு விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வாங்காதீர்கள்.